கோட்டுக்கு உயிர்

சித்திரம் பழகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் நம்மிடம் கொண்டுவரும் முறையீடு ஒன்று உண்டு. பென்ஸிலால் எழுதியவரையில் உயிருடன் இருந்த உருவம், மை ஏற்றிய மாத்திரத்தில் மரப்பொம்மையாகிவிடுகிறது என்பதே அது. நல்ல கண்ணும் கற்பனையும் வாய்ந்த பிள்ளைகள் அநேகர் இந்த இடத்திலேயே மனமுடைந்து சித்திரத்துக்கு முழுக்குப் போட்டுவிடுகிறார்கள். "எனக்குக் கை நடுங்கும், சார்" என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்கள். அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது.

நேயர்கள் விடியற்காலையில் வீட்டு வாசலைச் சற்றுக் கவனிக்கட்டும். கோலமிடும் பெண் புள்ளிகளைச் சுற்றி நீண்ட வளைவுகளை இழுத்துச் செல்கிறாள். அவள் கை நடுங்குவதில்லை. காரணம் யாது? அவளுடைய பார்வை மாவு விழும் இடத்தில் இல்லை. அடுத்த புள்ளியில் இருக்கிறது. விரல்கள் மட்டுமன்றித் தோளிலிருந்து கை முழுவதும் அசைகிறது. அதே பெண் காகிதத்தின் முன் அமர்ந்து பேனாவைப் பிடித்ததும், பென்ஸில் கோட்டின்மேல் எறும்பு ஊர்வதுபோல் முள்ளை நகர்த்துகிறாள். கண் முள்ளின் நுனியிலேயே ஒட்டிக்கொள்கிறது. மிக மெதுவாக நகரும் கையின் சிறு துடிப்புக்கள் எல்லாம் கோட்டில் பதிந்துவிடுகின்றன. பதறாத காரியம் சிதறாது என்பது மெய்யே; ஆனால் பதறாமை வேறு, தயக்கம் வேறு.

ஆகையால் முதற் பாடம் இது: கோடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் முதலில் நிச்சயித்துக்கொள்க. முள் காகிதத்தைத் தொடாமல் இரண்டு முறை அவ்வழியே கையை ஓட்டிப் பார்க்க. பிறகு, முடிவிடத்தில் கண்ணை வைத்து, ஒரே வீச்சில் இழுத்துவிடுக. நீண்ட கோட்டுக்குத் தோள், சிறு கோட்டுக்கு விரல். பேனாவை நம்மை நோக்கி இழுக்க வேண்டுமே யொழிய, எதிர்ப்புறம் தள்ளலாகாது. தள்ளினால் முள் காகிதத்தில் குத்தி மை தெறிக்கும். கைக்கு வசதியாகக் காகிதத்தைத் திருப்பிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இடையில் நிறுத்த நேர்ந்தால் மூலையிலோ, மற்றொரு கோடு குறுக்கிடும் இடத்திலோ நிறுத்துக. வளைவின் நடுவில் நிறுத்தினால் ஒட்டுப் போட்டது தெரியும்.

கருவிகளின் சுபாவத்தையும் அறிதல் வேண்டும். புதிய எஃகு முள்ளின்மேல் துருப்பிடியாமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைத் துடைக்காவிட்டால் மை பிடியாது. மையில் தோய்க்கும்போது முள்ளின் நடுத்துளைக்கு மேல் முழுகவிடலாகாது. அடிக்கடி துணியால் துடைத்தல் அவசியம். புகைக்கரியால் ஆன இந்தியன் இங்க், காய்ந்தால் எளிதில் கரையாது. ஆதலின் அதை ஊற்றுப் பேனாவில் ஊற்றினால் பேனாவே பாழாகும். காகிதம் வழவழப்பாக இருக்கட்டும். மை முற்றும் உலர்ந்த பின்னரே ரப்பரை எடுக்க வேண்டும்.

இனி, கோட்டின் பருமன். எஃகு முள்ளுக்கு இரு கிளைகள் உண்டு. அழுத்தினால் அவை விரிந்து கோடு தடிக்கும்; தளர்த்தினால் மெலியும். ஒரே பருமனாக ஓடும் கோட்டினால் உருவம் கம்பியை வளைத்தது போலத் தோன்றக்கூடும். வெளிச்சம் படும் பக்கத்தில் மெல்லிய கோடும், நிழற் பக்கத்தில் தடித்த கோடும் இட்டால் கன்னம் உருண்டுவரும். அருகிலுள்ளது தடித்தும், தொலைவிலுள்ளது மெலிந்தும் இருப்பின் தூரம் புலப்படும்.

பத்திரிகைச் சித்திரங்களைத் துத்தநாகத் தகட்டில் கோட்டு பிளாக் செய்து அச்சிட்ட காலத்தில், இவ்வித்தைக்குத் தனி நிர்ப்பந்தம் இருந்தது. அந்தப் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெளுப்பு உண்டு. சாம்பல் நிறம் கிடையாது. நிழல் முழுவதையும் கோடுகளாலேயே காட்ட வேண்டும். மூலத்தைப் பெரிதாக வரைந்து சிறிதாக்குவது வழக்கமாதலால், சிறு நடுக்கங்கள் மறைந்தன. அளவுக்கு மீறி மெலிந்த கோடுகளும் கூடவே மறைந்தன. இத்தகைய பத்திரிகை உலகில் கோட்டினால் புகழ் பெற்றவர் கோபுலு (1924–2015). முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்தபோது, அவர் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். கை நடுக்கத்தைச் சாக்காகச் சொல்லும் பிள்ளைகள் இதைச் சிந்திக்க வேண்டும். கோடு கைக்கு வருமுன் கண்ணிலும் மனத்திலும் உருவாகிறது.

நாம் நம் மாணவர்க்கு விதிக்கும் பயிற்சி எளியது. தினம் பதினைந்து நிமிஷம், ஒரு பக்கம். இரு புள்ளிகளை இட்டு ஒரே வீச்சில் இணைத்தல், வளைவுகளை அருகருகே இழுத்தல், ஒரே கோட்டை மெலிதாய்த் தொடங்கித் தடிப்பாக்கி மீண்டும் மெலிதாக்குதல். பிழைத்த கோட்டின்மேல் மறு கோடு போட்டு மெழுகலாகாது. அதை விட்டு அடுத்ததற்குச் செல்க. பக்கத்தில் தேதி குறித்து வைத்து, மாத முடிவில் ஒப்பிட்டுப் பார்க்க. இந்நாளில் கணினித் திரையில் வரைந்தால் யந்திரமே நடுக்கத்தை நீக்கித் தருகிறது. சௌகரியந்தான்; எனினும் அது கோட்டைத் திருத்துமே தவிர, கையைத் திருத்தாது.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. மேஜையடியில் கசங்கிக் கிடக்கும் காகிதங்களைக் கண்டு "வீண் செலவு" என்று அதட்டாதீர்கள். அந்த அதட்டலை நினைத்துக்கொண்டு இழுக்கும் கோடுதான் நடுங்கும்.