சைக்கிளில் வந்த விருந்தாளி

பத்தாவது பிறந்த நாளுக்கு அந்தச் சிறுமிக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன. அப்பா அம்மாவிடமிருந்து ஒரு பழைய சைக்கிள். தாத்தாவிடமிருந்து ஒரு பழைய உலக வரைபடப் புத்தகம். வருடம் 1941. ஊர், அயர்லாந்தின் லிஸ்மோர். சில நாள் கழித்து ஊருக்கு வெளியே மேடேறிக்கொண்டிருந்தபோது, தன் கால்களைக் குனிந்து பார்த்த டெர்வ்லா மர்ஃபிக்கு ஓர் எண்ணம் உதித்தது: இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாம். யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். வளர்ந்தால் தெளிந்துவிடும் என்பார்கள்.

தெளியவில்லை. ஆனால் 21 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மாவை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியிருந்தது. 14 வயதில் பள்ளியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்துவிட்டார் மகள். நடுவில் சில வாரங்கள் விடுப்பு கிடைத்தால் ஐரோப்பாவில் சைக்கிள் பயணம். பிறகு மறுபடியும் அடுக்களை, கட்டில், மருந்து. 1961ல் அப்பா போனார், 1962ல் அம்மா. 1963 ஜனவரியில், ஐரோப்பாவே உறைந்துகிடந்த ஒரு குளிர்காலத்தில், பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து அவர் புறப்பட்டுவிட்டார். வசந்தம் வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை தீர்ந்துபோயிருந்தது போலும்.

சைக்கிள் ஆண்கள் ஓட்டும் வகை. பெயர் ரோஸ் - டான் கிஹோட்டேயின் நோஞ்சான் குதிரை ரோசினான்டேயின் சுருக்கம். அதில் மூன்று கியர் இருந்தது. ஆசியச் சாலைகளின் குலுக்கலுக்கு அது தாங்காது என்று கழற்றிப் போட்டுவிட்டார். இன்று காசைக் கொட்டிக் கூடுதல் கியர் வாங்குகிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் வேலை செய்யாத கியரைச் சுமப்பதைவிட மேட்டில் இறங்கித் தள்ளுவது சுலபம் என்ற கணக்கில் தவறில்லை. மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிட்டார். மூட்டையில் மாற்றுத் துணி, மருந்து, சில புத்தகங்கள், ஒரு கைத்துப்பாக்கி. கடைசியில் சொன்னது யூகோஸ்லாவியாவிலேயே உதவியது: பனியில் ஓநாய்கள் பாய்ந்தபோது சுட வேண்டியிருந்தது.

ஆனால் அவர் எழுதிய 'ஃபுல் டில்ட்' (1965) நூலில் மனதில் நிற்பது ஓநாய் அல்ல, வீடுகள். கூடாரமும் அடுப்பும் மூன்று நாள் சாப்பாடும் வைத்திருப்பவருக்கு ஊர் தேவைப்படாது. ஊருக்கு வெளியே இறங்கி, சமைத்து, படுத்து, எழுந்து போய்விடலாம். அதிகம் இல்லாதவர்தான் மாலையானால் கதவைத் தட்ட வேண்டும். ஆப்கானிஸ்தானில் தேநீர்க் கடைத் தரையில் படுத்தார். கொடுத்த ரொட்டியைத் தின்றார். ஒரு பஸ்ஸில் மூண்ட தகராறில் துப்பாக்கிக் கட்டை இடித்து அவர் விலா எலும்புகள் முறிந்ததும் அதே நாட்டில்தான். அப்படியும் அந்த மக்கள்மேல் வைத்த பிரியம் குறையவில்லை. (1979ல் ஈரானில் புரட்சி, அதே வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள். அந்தச் சாலையில் அவர்போல் நிம்மதியாகச் சைக்கிள் மிதிக்கும் காலம் முடிந்தது.)

நெடுஞ்சாலை வாழ்வின் எளிமை என்று மெச்சப்படுவதில் பாதி, அடுத்தவர் வீட்டு ரொட்டி. அதைக் கொடுத்தவர்களும் வசதியானவர்கள் அல்ல.

எளிமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்பவர்களைப் பற்றி மட்டுமே பயண நூல்கள் வருகின்றன. பால் கேன்களையும் இளநீர்க் குலைகளையும் கட்டிக்கொண்டு தினமும் பல மைல் மிதிக்கும் இந்தியருக்கு அது பயணம் அல்ல, பிழைப்பு. 2020 ஊரடங்கில் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் சைக்கிளிலேயே கிளம்பியவர்களின் மூட்டையும் சிறியதுதான். காயம்பட்ட தந்தையைக் கேரியரில் உட்காரவைத்து, குருகிராமிலிருந்து தர்பங்காவரை சுமார் 1,200 கி.மீ. மிதித்தாள் 15 வயதுச் சிறுமி ஒருத்தி. பத்திரிகைகள் அவளைச் சாதனையாளர் ஆக்கின. அவளுக்கு வேறு வழியிருந்ததா என்று கேட்டவர்கள் குறைவு.

மர்ஃபிக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே இருந்தது. அறுபதைத் தொட்டபின் 1992ல் கென்யாவிலிருந்து ஜிம்பாப்வேவரை மிதித்தபோது, அவர் எழுதிக்கொண்டு வந்தது மலைகளைப் பற்றியல்ல, வழியெங்கும் எய்ட்ஸ் தின்றுகொண்டிருந்த குடும்பங்களைப் பற்றி. 2022 மே மாதம் லிஸ்மோரில் காலமானபோது வயது 90.

பத்து வயதுக் கனவு 1963 ஜூலையில் தில்லி வந்து சேர்ந்தது. வெயில் கொளுத்தியது, மேலே மிதிக்க முடியவில்லை. ஊர் திரும்பியிருக்கலாம். அவர் போனது தர்மசாலாவுக்கு, திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமுக்கு. இடநெருக்கடி, சிரங்கு, வயிற்றுப்போக்கு. அங்கேயே சில மாதங்கள் தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். புண்ணைக் கழுவுவதும் படுக்கையை மாற்றுவதும் அவருக்குப் பழகிய வேலை.