உடல் பருமன் நோயா, இல்லையா? ஓட்டுப் போட்டு முடிவு செய்த டாக்டர்கள்

உடல் பருமன் ஒரு நோயா? இதற்கு ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தில் விடை கிடைத்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் நடந்தது வேறு. 2013 ஜூனில் சிகாகோவில் கூடிய டாக்டர்கள், ஓட்டுப் போட்டு 'ஆமாம், நோய்தான்' என்று முடிவு செய்தார்கள். அவர்களுடைய சங்கத்தின் அறிவியல் குழு இதை ஆராய்ந்து, அப்படி அறிவிக்க வேண்டாம் என்ற பக்கமாகத்தான் அறிக்கை கொடுத்திருந்தது. பருமனை அளக்கப் பயன்படும் பிஎம்ஐ கணக்கே கோளாறானது என்பது குழுவின் வாதம். அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஓட்டு!

சங்கத்தின் பெயர் அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன். சுருக்கமாக ஏஎம்ஏ. 1847ல் தொடங்கியது. ஓட்டுப் போட்டவர்கள் அதன் 'ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்', அதாவது பிரதிநிதிகள் சபை.

யார் இந்த டெலிகேட்டுகள்?

சங்கத்துக்குள்ளேயே ஒரு பார்லிமென்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாநில மருத்துவச் சங்கங்கள் ஆட்களை அனுப்பும். இதய நிபுணர்கள், அறுவை சிகிச்சை நிபுணர்கள் என்று துறைவாரியான சங்கங்களும் அனுப்பும். மெடிக்கல் காலேஜ் மாணவர்களுக்கும், பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கும் இடம் உண்டு. உங்க கசின் யாராவது இங்கே எம்பிபிஎஸ் முடிச்சிட்டு அங்கே போய் டாக்டராக இருக்கிறாரா? அமெரிக்க டாக்டர்களில் சுமார் நான்கில் ஒருவர் இப்படி வெளிநாட்டில் படித்தவர்தான். அவர்களுக்கென்று தனிப் பிரிவும், அதற்குச் சபையில் பிரதிநிதியும் உண்டு.

மாநிலங்களுக்கான கணக்கு, ஆயிரம் ஏஎம்ஏ உறுப்பினருக்கு ஒரு டெலிகேட். இங்கே கொஞ்சம் நின்று கவனிக்கணும். மாநிலத்தில் மொத்தம் எத்தனை டாக்டர்கள் என்பது கணக்கிலேயே வராது. எத்தனை பேர் சந்தா கட்டி ஏஎம்ஏவில் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. நாட்டிலுள்ள டாக்டர்களில் பாதிப் பேர் கூட அதில் உறுப்பினர் இல்லை. 'இந்தச் சங்கம் எனக்காகப் பேசவில்லை' என்று கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் டாக்டர், தன் மாநிலத்தின் குரலையும் சேர்த்தே குறைக்கிறார்.

சபை வருடத்துக்கு 2 முறை கூடும். தீர்மானம் வந்தால் முதலில் ஒரு குழுவிடம் போகும். அங்கே டெலிகேட் இல்லாத சாதாரண உறுப்பினர் கூட மைக் பிடித்துப் பேசலாம். குழு பரிந்துரை தரும். பிறகு சபையில் ஓட்டு. தலைவரையும் நிர்வாகக் குழுவினரையும் தேர்ந்தெடுப்பதும் இதே சபைதான். 2025ல் பதவியேற்ற பாபி முக்கமாலா, இந்திய வம்சாவளியில் வந்த முதல் ஏஎம்ஏ தலைவர். அவரையும் டெலிகேட்டுகள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சபையின் தீர்மானம் சட்டம் கிடையாது. ஆனால் வாஷிங்டனில் எம்.பி.க்களிடம் போய் ஏஎம்ஏ என்ன பேச வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. 1960களில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தை இந்தச் சங்கம் எவ்வளவு மூர்க்கமாக எதிர்த்தது என்று தெரிந்தவர்களுக்கு, அந்தப் பேச்சின் வலு புரியும்.

அறைக்குள் யார்?

1870ல் வாஷிங்டனில் கூட்டம். கறுப்பின டாக்டர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து நடத்திய ஒரு மருத்துவச் சங்கம் தன் பிரதிநிதிகளை அனுப்பியது. ஏஎம்ஏ அவர்களைச் சேர்க்கவில்லை. 1895ல் கறுப்பின டாக்டர்கள் நேஷனல் மெடிக்கல் அசோசியேஷன் என்று தனிச் சங்கமே தொடங்கினார்கள். ஏஎம்ஏ இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது 2008ல். இத்தனைக்கும் 1876லேயே சாரா ஹாக்கெட் ஸ்டீவன்சன் என்ற பெண் டாக்டர், இல்லினாய் மாநிலப் பிரதிநிதியாக உள்ளே வந்துவிட்டார். ஒரு கதவு திறந்தது, இன்னொன்றைத் திறக்க மனம் வரவில்லை.

ஆள் மாறினால் பேச்சு மாறும் என்பதற்கு 2019 சாட்சி. அரசே எல்லோருக்கும் மருத்துவச் செலவை ஏற்கும் 'சிங்கிள் பேயர்' முறையை ஏஎம்ஏ பல காலமாக எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பைக் கைவிடச் சொல்லி மாணவர் பிரிவு தீர்மானம் கொண்டுவந்தது. தோற்றது. ஆனால் எப்படி? 53க்கு 47 சதவீதம்! மெடிகேரை எதிர்த்த அதே சங்கத்தில், இன்னும் டிகிரி கூட வாங்காத பசங்க சபையைக் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்துட்டாங்க. மாணவர்களுக்கு எதுக்கு அங்கே ஓட்டு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த எண்தான்.

சரி, 2013க்கு வருவோம். அறிவியல் குழுவை மீறியது தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றை 'நோய்' என்று அழைப்பதில் அறிவியல் ஒரு பகுதிதான். சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது, 'உன் சோம்பேறித்தனம்தான் காரணம்' என்று நோயாளியை யார் திட்டுவது என்பதெல்லாம் சேர்ந்த முடிவு அது. தினமும் நோயாளியைப் பார்க்கிற டெலிகேட்டுக்கு அதில் சொல்ல உரிமை இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. தீர்மானத்தைக் கொண்டுவந்தவற்றில் ஹார்மோன் நிபுணர்களின் சங்கமும் இதய நிபுணர்களின் சங்கமும் இருந்தன. பருமனோடு வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் அவர்களேதான். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் டெலிகேட் என்பவர் தன்னை அனுப்பிய சங்கத்தின் வக்கீல் மட்டும் இல்லையே! சங்கத்துக்குச் சந்தாவே கட்டாத, ஓட்டே இல்லாத நோயாளியும் அந்த முடிவோடுதான் வாழணும். ஓட்டுப் போடும் முன் 'இதில் என் துறைக்கு என்ன லாபம்' என்பதையும் அவர் சபையில் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

அறிவியல் குழு எழுப்பிய பிஎம்ஐ கேள்வி மட்டும் ஓட்டுக்குப் பிறகும் அப்படியே இருந்தது. 2023 ஜூனில் ஏஎம்ஏ மறுபடி கூடியபோது, பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது, மற்ற அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. அதே சபைதான். 10 வருடம் ஆனது.