சேர்த்துக்கொள்ள ஒரு சோதனையா?

அமெரிக்கக் கல்லூரிகளில், 'சொராரிட்டி' என்று மாணவியர் சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக் கொண்டு, பல ஊர்களில் ஒரே வீட்டில் தங்கி, அக்கா, தங்கை என்று உறவு கொண்டாடுவர். மாணவர்களுக்கு இருப்பது, 'ஃப்ராட்டர்னிட்டி!' சினிமாவில் இவற்றைக் குடியும், கும்மாளமுமாகவே காட்டுவதால், பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் முகம் சுளிக்கின்றனர். 'படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு?' என்பதோடு பேச்சை முடித்து விடுகின்றனர். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை.

அங்கேயே பிறந்து வளர்ந்த என் நாத்தனார் மகள், இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். 'ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற இடம் அத்தை... சாப்பிடும் போது பக்கத்தில் உட்கார ஒருத்தி இல்லைன்னா எப்படி இருக்கும், சொல்லுங்க...' என்றாள் போனில். நியாயம் தானே? கல்யாணமாகி, முன்பின் தெரியாத ஊருக்கு வந்து, பக்கத்து வீட்டு அக்கா, 'இன்னிக்கு என்ன குழம்பு?' என்று கேட்க மாட்டாரா எனக் காத்திருந்த நமக்கு, அந்தத் தவிப்பு புரியாதா என்ன!

இந்தச் சங்கங்கள் பிறந்ததும் அந்தத் தவிப்பில் தான். பெண்கள் அங்கே கல்லூரிக்கு வரத் தொடங்கிய காலத்தில், மாணவர் சங்கங்களில் அவர்களைச் சேர்க்கவில்லை. 1867ல், இல்லினாய் மாநிலத்தில் 12 மாணவியர் கூடி, தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினர். வெள்ளையர் சங்கங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. அவர்களுக்காக, வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலையில், 1908ல், 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' பிறந்தது. அதே பல்கலையில், 1913 ஜனவரியில், 22 மாணவியர், 'டெல்டா சிக்மா தீட்டா'வை ஆரம்பித்தனர். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தில் போய் நின்றனர்.

நம் சென்னைப் பெண் சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படித்த போது சேர்ந்தது, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் தான். 2020ல் அவர் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்ற போது, சங்கம் பிறந்த 1908ம் ஆண்டை நினைத்து, 19 டாலர் 8 சென்ட் என்று கணக்காக நன்கொடை அனுப்பினராம், அந்தச் சகோதரிகள். படிப்பு முடிந்து, 30 வருடத்துக்கு மேலாகியும் விடாத உறவு! நம்மில் எத்தனை பேருக்குப் பள்ளித் தோழியின் விலாசமாவது தெரியும்?

ஆனால், சேர்க்கிற விதம் தான் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய, பெரிய சங்கங்களில் அது அசல் பெண் பார்க்கும் படலம். பெண் பிள்ளைகள் அலங்காரம் செய்து கொண்டு, நாள் கணக்கில் வீடு வீடாகப் போய், சிரித்துப் பேச வேண்டும். அவர்கள் போன பின், உள்ளே இருப்பவர்கள் கூடி, யாரை மறுபடி கூப்பிடுவது என்று முடிவு செய்வர். காரணம் சொல்ல மாட்டார்கள். 18 வயதுப் பிள்ளை, 'எனக்கு என்ன குறை?' என்று ராத்திரியெல்லாம் அழ வேண்டியது தான். அலபாமா பல்கலையில், தகுதியுள்ள கறுப்பின மாணவியை, மாணவியர் விரும்பியும் பழைய உறுப்பினர்கள் தடுத்தது, 2013ல் மாணவர் பத்திரிகையிலேயே வெளிவந்து, பெரிய போராட்டமானது. இடம் கிடைக்காமல் தவித்தவர்கள் ஆரம்பித்த சங்கங்களில் இப்படியா?

இதை விடப் பயம், சேர்ந்த பின் வைக்கும், 'சோதனை!' நாம் ராகிங் என்பதை, அவர்கள், 'ஹேஸிங்' என்கின்றனர். 2017ல், பென்சில்வேனியாவில், ஃப்ராட்டர்னிட்டியில் புதிதாகச் சேர்ந்த, 19 வயது மாணவனுக்கு அளவில்லாமல் மது கொடுத்துள்ளனர். மாடிப்படியில் விழுந்த அவனுக்கு, மறுநாள் காலை வரை யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை, இறந்து போனான். அவனைப் பெற்றவள் என்ன பாடுபட்டிருப்பாள்! இங்கும் அப்படித்தானே... 1996ல் ஒரு மருத்துவ மாணவனைப் பறிகொடுத்த பிறகு தான், 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது.

இன்னொரு விஷயம். பெரிய சொராரிட்டி வீடுகளில் மதுவுக்கு அனுமதி இல்லை. கேட்க நன்றாகத் தான் இருக்கிறது. ஆனால், அதனாலேயே விருந்தெல்லாம் மாணவர்கள் வீட்டில் நடக்கிறது. பெண்கள் அங்கே போகின்றனர். கதவும், சாவியும் யார் கையில் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக, 'சேராதே' என்று ஒரே போடாகப் போட்டால், பிள்ளைகள் மறைத்துக் கொண்டு சேருவர். சங்கத்துக்கென்று ரகசியச் சடங்கு, ரகசியச் சொல் இருக்கும். இருந்து விட்டுப் போகட்டும். 'ராத்திரி எத்தனை மணியானாலும், எந்த நிலையில் இருந்தாலும் எனக்கு போன் பண்ணு. திட்ட மாட்டேன்' என்று மட்டும், பெற்றவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 2024 டிசம்பரில் அங்கே வந்த சட்டப்படி, எந்தச் சங்கத்தின் மீது ஹேஸிங் குற்றம் உறுதியானது என்பதை, கல்லூரிகள் அறிக்கையாக வெளியிட வேண்டும். பிள்ளைகளை அங்கே படிக்க வைத்திருப்பவர்கள், பணம் கட்டும் முன், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.