கடாரப் பெருமை போதும், ஆணையம் வேண்டும்

ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றது 1025-இல் என்பது நம்ம ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பேருந்து பிடித்துப் போய்ச் சண்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். மேடையில் யாராவது ‘கடாரம் கொண்டான்’ என்றால் கைதட்டுகிறோம். பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 18 அன்று அதே மலையிலிருந்து திடீர் வெள்ளம் இறங்கி, யான், மெர்போக் வட்டாரங்களைப் புரட்டிப்போட்டது. ஆறு பேர் செத்துப்போனார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தேதி மனப்பாடமாக இருக்கிற நமக்கு இந்தத் தேதி ஞாபகத்தில் இல்லை.

அடுத்த வருஷம் பாலிங். 2022 ஜூலை 4, குப்பாங் பக்கம். தண்ணீரோடு சேறும் மரக்கட்டைகளும் வந்து வீடுகளை அடித்துக்கொண்டு போயின. மூன்று பேர் இறந்தார்கள். மேலே குனோங் இனாஸ் மலையில் டுரியான் தோட்டம் போடக் காட்டை அழித்திருந்தார்கள். வெள்ளத்துக்குக் காரணம் கனமழைதான் என்றது ஒரு தரப்பு, மலையை மொட்டையடித்ததுதான் என்றது இன்னொரு தரப்பு. சில வாரம் சத்தம். அப்புறம் அமைதி.

நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த இரண்டு தரப்பில் எது சரி என்று சொல்ல வேண்டியவர் யார்? மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில். காட்டைத் திறக்க அனுமதி கொடுப்பது மாநில அரசு. அதிலிருந்து வருமானம் பெறுவதும் அதே மாநில அரசு. வெள்ளம் வந்தால் காரணம் சொல்ல வேண்டியதும் அதே அரசு. கடைக்காரனே தராசு, கடைக்காரனே எடைக்கல், புகார்ப் பெட்டியும் அவன் கல்லாவுக்குப் பக்கத்திலேயே. இப்படி இருந்தால் நியாயம் எங்கிருந்து வரும்?

அதனால் சொல்கிறேன். கெடாவுக்கென்று பருவநிலை மாற்ற ஆணையம் ஒன்று வேண்டும். சட்டமன்றத்தில் சட்டம் இயற்றி, மந்திரி பெசாரின் கைக்கு எட்டாத தூரத்தில் அமைக்கப்பட்ட ஆணையம்.

“இன்னொரு கமிட்டியா?” என்று நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. நியாயமான சலிப்பு. தோட்டத்துத் தமிழனுக்கு அறிக்கைகள் புதிதல்ல. 1936-இல் இந்தியாவிலிருந்து ஸ்ரீநிவாச சாஸ்திரி மலாயா தோட்டங்களைப் பார்க்க வந்தார். 1937-இல் அறிக்கை வெளியானது. அவர் போய்ப் பத்து வருஷத்துக்குள் இதே கெடாவில், ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியல், வேலைநிறுத்தம், போலீஸ் அடக்குமுறை என்று 1947 முழுக்கப் பீடோங் வட்டாரம் கொதித்தது. மேலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அறிக்கையால் தீராததைக் கீழே இருந்தவர்கள் கையில் எடுத்தார்கள். இந்த வரலாற்றை வைத்து ஆணையமே வேண்டாம் என்பது சோம்பேறித்தனம். எப்படிப்பட்ட ஆணையம், அதில் உட்காரப்போவது யார் என்று கேட்பதுதான் வரலாறு தெரிந்தவன் செய்யும் வேலை.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2022-இல் முதலமைச்சர் ஸ்டாலின் தலைமையில் பருவநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழு அமைத்தார்கள். மாண்டேக் சிங் அலுவாலியா, நந்தன் நிலேகனி, நார்வேயின் எரிக் சோல்ஹெய்ம், பூவுலகின் நண்பர்கள் சுந்தர்ராஜன் என்று பெரிய பெயர்கள். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பருவநிலை இயக்கமும் வந்தது. இதையெல்லாம் நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து மீனவர் வாழ்க்கையைக் கறுப்பாக்கியது. ஏரிகள் நிறைந்த பரந்தூரில் விமான நிலையம் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் போராடுகிறார்கள். திட்டத்தைக் கொண்டுவரும் அரசின் தலைவரே குழுவுக்கும் தலைவர் என்றால், அந்தத் திட்டத்துக்கு எதிராகக் குழுவிலிருந்து யார் வாயைத் திறப்பார்? கெடா காப்பியடிக்கக் கூடாதது இதைத்தான்.

பிரிட்டனில் 2008 சட்டப்படி அமைந்த பருவநிலைக் குழு வேறு மாதிரி. அது அரசுக்கு வெளியே நின்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. அரசு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே சரவாக் 2023-இல் கரிவாயு வெளியேற்றத்தைக் குறைக்க மாநிலச் சட்டமே இயற்றிவிட்டது. ஆக, ‘மாநிலத்தால் என்ன செய்ய முடியும்?’ என்ற சாக்கு இனி செல்லாது.

அடுத்த சாக்கு, ‘கெடா ஏழை மாநிலம், மரம் வெட்டாமல் எப்படிப் பிழைப்பது?’ இது வெறும் சாக்கு அல்ல, இதில் நிஜமான வலி இருக்கிறது. உலு மூடா காட்டில் சேரும் மழைதான் மூடா, பெடு, ஆனிங் அணைகளை நிரப்புகிறது. அந்தத் தண்ணீரில் கெடாவின் நெல்வயல் விளைகிறது. மூடா ஆற்றை நம்பிப் பினாங்கு குடிக்கிறது. காட்டைக் காப்பவனுக்குக் காசில்லை, தண்ணீர் குடிப்பவனுக்குத் தொழிற்சாலை. ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கொடு என்று கெடா கேட்டதும், முடியாது என்று பினாங்கு சொன்னதும் அரசியல் சண்டையாக முடிந்தன. காட்டைப் பாதுகாக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019-இலிருந்து நிதி தருகிறது. முதலில் 60 மில்லியன், 2025 பட்ஜெட்டில் 250 மில்லியன், அதுவும் எல்லா மாநிலங்களும் பங்குபோட. ஒரு மரத்தின் விலை லாரியில் ஏறியதும் தெரிந்துவிடும். நிற்கிற மரத்தின் விலையைக் கணக்குப் போட்டு, கோலாலம்பூரிடமும் பினாங்கிடமும் மேசையைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் வேண்டும். மந்திரி பெசார் கேட்டால் அது கட்சிச் சண்டை. ஆணையம் கணக்கோடு கேட்டால் அது வாதம்.

சரி, இதில் தமிழனுக்கு என்ன? “நெல்லு மலாய்க்காரன் பிரச்சினை, காடு அரசாங்கத்துப் பிரச்சினை, நமக்குக் கோயிலும் ஸ்கூலும் போதும்லா” என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாம். விடியலில் மழை பிடித்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டிய பிறகு பிடித்தால் மங்கில் இருக்கும் பாலும் போச்சு. வானத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் கணக்குப் போட்ட சனம் இது. சிறுதோட்டக்காரர்களுக்கு ரிஸ்டா வழியாக மழைக்கால உதவித்தொகை உண்டு. அதைக்கூட அவர்கள் கேட்டுத்தான் வாங்கினார்கள். தோட்டக் கூலிக்காரனுக்காகக் கேட்டது யார்? வெயில் பக்கம் வந்தால் இன்னும் மோசம். 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளையே மூடினார்கள். செம்பனைக் குலை சுமந்தவனுக்கு லீவு யார் கொடுத்தது? வெப்ப அழுத்தம் பற்றி வேலையிடப் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டி 2016-இலேயே வந்துவிட்டது. இத்தனை டிகிரி தாண்டினால் வேலையை நிறுத்து என்று சொல்லும் சட்டம் மட்டும் இல்லை. இன்றைக்குப் பல தோட்டங்களில் அந்த வெயிலில் நிற்பது வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். நம்ம ஆட்கள் இல்லை என்று நிம்மதிப்படுகிறவன் சாஸ்திரி காலத்துத் துரையின் பேரன்.

நகரத்துக்கு வந்தவர்களும் தப்பவில்லை. 2018-இல் சீனா பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவைச் சாத்தியதும் அது சுங்கைப்பட்டாணிக்கு வந்து எரிந்தது. ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிய தாமான்களில் நம் வீடுகளும் இருந்தன.

நான் வளர்ந்த தோட்டத்தில் ஆபீசுக்குப் பின்னால் ஒரு மழைமானி இருந்தது. கிராணி தினமும் காலையில் அளந்து பெரிய புத்தகத்தில் எழுதுவார். இப்படி எத்தனையோ தோட்டங்களில் பல பத்தாண்டு மழையைப் பதிந்து வைத்தார்கள். எங்கள் தோட்டம் கைமாறியபோது அந்தப் புத்தகங்களைக் கேட்டு வாங்க யாரும் வரவில்லை. கெடா மழையின் வரலாறு பழைய பேப்பரோடு பழைய பேப்பராகப் போயிருக்கும். ஆணையம் இருந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, மிச்சமிருக்கும் அந்தப் புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பது.

மற்ற வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் அரசியல்வாதியாக இருக்கக் கூடாது. விஞ்ஞானிகளோடு நெல் விவசாயி, தஞ்சோங் டாவாய் மீனவர், தோட்டத் தொழிலாளி மூவருக்கும் நாற்காலி வேண்டும். மலைச்சரிவில் காடு திறக்கும் ஒவ்வொரு விண்ணப்பமும் ஆணையத்தின் கருத்தோடுதான் ஆட்சிக்குழு மேசைக்குப் போக வேண்டும்; அந்தக் கருத்து மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் வெளியாக வேண்டும். அதை மீறி அனுமதி கொடுத்தால், ஏன் கொடுத்தோம் என்று மந்திரி பெசார் சட்டமன்றத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். மீறும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். வாய்மூடி மீறும் வசதி இருக்கக் கூடாது.

இலக்கியம் படிக்கிற உங்களிடம் ஏன் இதைச் சொல்கிறேன்? நம் தோட்டக் கதைகளில் இன்னும் பழைய மழைதான் பெய்துகொண்டிருக்கிறது. லயத்துத் தகரத்தில் தாளம் போடும் அதே மழை. குப்பாங்கில் மரக்கட்டையோடு வந்த மழையை எழுத ஆளில்லை. எழுதுங்கள், தேதியோடும் ஊர்ப்பெயரோடும் எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் கடாரத்தின் பெருமை பேச மண்டபத்துக்கு வரும்போது, மாலை போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆணையத்துக்கான சட்டத்தை எப்போ கொண்டு வர்றீங்க?” பதில் சொன்ன பிறகு மாலை போட்டால் போதும்.