தெரேன் வரைஞ்ச பாலம் தட்டையா இருந்தா என்ன?

ஆந்த்ரே தெரேன் 1906-ல வரைஞ்ச லண்டன் படங்களைக் காட்டினா, பாதிப் பேர் சொல்றது ஒண்ணுதான்: "இதை எங்க வீட்டு எல்.கே.ஜி. வாண்டு கூட வரையும்." தேம்ஸ் ஆத்துல மஞ்சளும் பச்சையும், கப்பல் பளீர் சிவப்பு. நிழல் எங்க, பெர்ஸ்பெக்டிவ் எங்க? வேற யாராவது இப்படிக் கேட்டா பரவாயில்ல. இன்ஜினியரிங் படிக்கிற நாம கேட்கிறதைத்தான் என்னால ஒத்துக்க முடியல.

முதல் வருஷம் டிராஃப்டரைத் தூக்கிட்டு அலைஞ்சோமே! ஆர்த்தோகிராஃபிக் புரொஜெக்‌ஷன்ல தூரத்துத் தூண் சின்னதாகாது, நிழலும் கிடையாது. அதை யாரும் குழந்தைக் கிறுக்கல்னு சொல்றதில்ல. ஆன்சிஸ்ல ஒரு பீமுக்கு லோடு கொடுத்தா, ஸ்ட்ரெஸ் அதிகமான இடம் சிவப்பா வரும். "இரும்பு எப்பப்பா சிவப்பாச்சு?"ன்னு எந்த வைவாவிலயும் கேட்க மாட்டாங்க. அங்க கலர்ங்கிறது பொருளோட நிறம் இல்ல, ஒரு தகவல்னு நமக்குத் தெரியும்.

தெரேன் செஞ்சதும் இதுக்குப் பக்கத்துல வர்ற வேலைதான். லண்டன் டேட் மியூசியத்துல இருக்கிற 'த பூல் ஆஃப் லண்டன்' படத்தைப் பாருங்க. லண்டன் பிரிட்ஜ் மேல நின்னு துறைமுகத்தைப் பார்க்கிற காட்சி. முன்னாடி சரக்குக் கப்பல்ல சிவப்பும் ஆரஞ்சும். பின்னாடி டவர் பிரிட்ஜ் பக்கம் நீலமும் பச்சையும். சூடான நிறம் நம்மகிட்ட வருது, குளிர்ந்த நிறம் விலகிப் போகுது. அந்தப் படத்துல ஆழம் இருக்கு. அதைக் கோட்டை விட அதிகமா கலர்தான் தாங்குது.

இத்தனைக்கும் அவர் லண்டன் போனதே இன்னொருத்தர் பாணியில படம் வரையத்தான். தேம்ஸை மோனே வரைஞ்ச படங்கள் 1904-ல பாரிஸ்ல நல்லா பேசப்பட்டதும், ஓவிய வியாபாரி வொல்லார் இவரையும் அங்க அனுப்பினார். டாப்பரோட ரெக்கார்டைப் பார்த்து எழுதுற மாதிரி ஒரு அசைன்மென்ட்! மோனே லண்டன் மூடுபனியையும் புகையையும் வரைஞ்சார். இவரு அதே சாரிங் கிராஸ் பாலத்தை எடுத்துக்கிட்டு, புகையைத் துடைச்சுட்டு, மோனே பக்கமே போகாத கலர்களைப் போட்டார்.

எனக்கும் ஒரு குறை உண்டு. உலகம் பூரா இருந்து சரக்கு வந்து இறங்கின துறைமுகம் அது. அங்க வேலை செஞ்ச ஆட்கள் இந்தப் படத்துல சின்னச் சின்ன தீற்றலாத்தான் தெரியுறாங்க. கப்பலுக்குக் கிடைச்ச சிவப்பு அவங்களுக்குக் கிடைக்கல. விவாதிக்கணும்னா இதைப் பத்தி விவாதிக்கலாம், "ஆறு மஞ்சளா இருக்குமா?"ன்னு இல்ல.

இன்னொண்ணு. தெரேனும் முதல்ல இன்ஜினியரிங்தான் படிச்சார். வீட்டுல அதைத்தான் எதிர்பார்த்தாங்க. ராணுவ சேவை முடிச்சுட்டு வந்த பிறகு, நண்பர் மத்தீஸ்தான் அப்பா அம்மாகிட்ட பேசி, முழுநேரமா படம் வரைய அனுமதி வாங்கிக் கொடுத்தார். லண்டன் பாலங்களை வரைஞ்சப்போ அவருக்கு வயசு 26-ஐக் கூடத் தாண்டல.