தீட்டு எப்போது மூலதனமாகிறது?

கம்பெனிக்காரன் தன் அறிவை எப்படிப் பூட்டி வைக்கிறான் பாருங்கள். கோகோ கோலாவின் செய்முறை அட்லாண்டாவில் பெட்டகத்துக்குள் கிடக்கிறது. காப்புரிமை வாங்கினால் இருபது வருஷத்தில் அது ஊருக்குப் பொதுவாகிவிடும். ரகசியமாக வைத்தால் காலத்துக்கும் காசு. உள்ளே இருக்கிறவர்கள் பகிர்ந்துகொள்ளலாம், வெளியே மூச்சு விடக்கூடாது.

ஏட்டில் எழுதாத கைப்பக்குவம்கூட அவர்களுக்குச் சொத்துதான். 1980களில் ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் செய்தது. மாவு சரியாகப் பிசையவில்லை. ஓசாகா ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் ஆள் அனுப்பி, அவர் மாவை இழுத்து முறுக்கும் விதத்தைக் கற்று இயந்திரத்தில் ஏற்றினார்கள். மேலாண்மைப் பேராசிரியர்கள் இதைப் பாடமாகவே நடத்துகிறார்கள்.

சரி, நம்ம சனத்தோட கைப்பக்குவத்துக்கு என்ன பேரு? தீட்டு.

கோலாப்பூர் செருப்பை எடுத்துக்கொள்வோம். ஆணி கிடையாது, தோல் வாராலேயே தையல். கருவேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்துகிறவர்கள் தோர்கள். செருப்புத் தைப்பவர்கள் சர்மகார்கள். கர்நாடகப் பக்கம் சமகாரர்கள். எல்லாரும் தலித்துகள். இந்த அறிவுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. தீண்டாமையே வேலியாக நின்றது. தோலைத் தொடுகிறவன் வாசலுக்கு வந்து கற்றுக்கொள்ள எந்தச் சாதி இந்து தயாராக இருந்தான்? கம்பெனி போட்ட வேலி லாபத்தைக் காத்தது. சாதி போட்ட வேலிக்குள் நமக்குக் கிடைத்தது அவமானம்.

2025 ஜூனில் இத்தாலியின் பிராடா கம்பெனி அதே மாதிரிச் செருப்பை மிலான் அலங்கார மேடையில் ஏற்றியது. கோலாப்பூர் பேரே இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் ஒப்புக்கொண்டது. 2019லேயே புவிசார் குறியீடு வாங்கியாச்சே என்பீர்கள். அதன் பதிவு பெற்ற உரிமையாளர் யாரு? மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்கள். பொதுநல வழக்குப் போட்டார்கள். உரிமையாளர்தான் வழக்காட வேண்டும் என்று 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் அந்தக் கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டது: 2,000 ஜோடி, ஜோடி சுமார் 800 யூரோ என்று அறிவிப்பு. மிலானுக்குப் போனதும் தீட்டு எங்கே போச்சு?

‘வேலை கிடைக்குதே, போதாதா?’ என்பார்கள். போதாது. கூலி, கை செய்த வேலைக்கு. அறிவுக்கு யாரு காசு கொடுத்தா? குலத்தொழிலைக் காப்பாத்துங்கன்னு நாங்க கேட்கல. எங்க பிள்ளைங்க இதை விட்டு வெளியே போக முழு உரிமை உண்டு. ஆனா, தலைமுறை தலைமுறையாச் சேர்த்த அறிவை அடுத்தவன் பேருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. தைப்பவர்களின் சங்கங்கள் பேரில் உரிமை பதிவாகட்டும். விற்கிற ஒவ்வொரு ஜோடியிலும் பங்கு வரட்டும். ஒப்பந்தம் பேசும் மேசையில் அதிகாரியின் நாற்காலிக்குப் பக்கத்தில், தைக்கிறவருக்கும் நாற்காலி போடு.