கறுக்கிறது பிரச்சினை இல்லை

"வெயிலுக்க திரியாத, கறுத்துப்போவாய்." இதைக் கேக்காமல் வளர்ந்த பொம்பிளைப் பிள்ளை எங்கட ஊர்களில் குறைவு. அதே வீட்டில் தம்பி மத்தியானம் முழுக்கக் கிரிக்கெட் விளையாடிப்போட்டு வந்தால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. அவனுக்குத் தோல் இல்லையோ?

வெயிலைப் பற்றி எங்கட சமூகம் சொல்லித் தந்தது நிறத்தைப் பற்றித்தான், உடம்பைப் பற்றியில்லை. இதுதான் எங்கள் முறைப்பாடு.

எங்கட தோலில் இருக்கிற மெலனின், புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும். அதனால் வெள்ளைத் தோல்காரரைவிட எங்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் கண்புரையையோ, கண்ணில் சதை வளர்வதையோ, வெப்பத்தில் மயங்கி விழுவதையோ அது தடுக்காது. புற ஊதாச் சுட்டெண் 3 ஆனாலே பாதுகாப்புத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 என்றால் அதியுச்சம். இலங்கையில் வானம் தெளிந்த மத்தியானங்களில் 11 ஒன்றும் புதினமில்லை. குளிருது எண்டு நுவரெலியாவிலும் நம்பேலாது. உயரம் கூடக் கூட இந்தக் கதிரும் கூடும்.

நிறப் பயத்தால் லாபம் பூச்சு விக்கிறவனுக்குத்தான். பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் கிறீம்கள் சிறுநீரகத்தையே பழுதாக்கும். வெயிலுக்குப் பயந்து நஞ்சைப் பூசுறது என்ன பாதுகாப்பு?

மற்றப் பக்கம், வெங்காயத் தோட்டத்தில் குனிஞ்சு நிக்கிறவை, கடலுக்குப் போறவை, கொழுந்து பறிக்கிறவை. இவைக்கு "நிழலில நில்லுங்கோ" எண்டு சொல்லுறது லேசு. நிழலில் நின்றால் நாட்கூலியை ஆர் குடுக்கிறது? வேலையை விடியவே தொடங்கி, உச்சி வெயிலில் கூலி வெட்டாமல் ஓய்வு குடுக்கவேணும். பாடசாலைகளும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளைக் காலையிலும் பின்னேரத்திலும் வைக்கலாம். 2024இல் வெக்கை கூடினபோது வெளிக்கள விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கல்வி அமைச்சு அறிவித்தது. ஒவ்வொரு வருசமும் அறிவித்தல் வருமட்டும் ஏன் காத்திருக்கவேணும்?

நாங்கள் செய்யக்கூடியது பெரிய செலவில்லை. பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை ஏலுமானவரை நிழல், முழுக்கைப் பருத்திச் சட்டை, பனையோலைத் தொப்பி அல்லது குடை, போத்தலில் தண்ணி. வசதி இருந்தால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன்; இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூசவேணும்.

தங்கச்சியிட்டச் சொல்லுறதைத் தம்பியிட்டயும் சொல்லுவம். ஆனால் "கறுத்துப்போவாய்" எண்டு இல்லை.